போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு? எலெக்ட்ரோடு வைத்துச் சரியாக அளக்கும் முறை

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, நாக்கிலும் தெரியாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியும்போது அது ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் காவியாக ஏறியிருக்கும். அப்போது அளந்து பயன் குறைவு.

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் எலும்பைத் தாக்கும் ஃபுளோரோசிஸ் 1937-ல் பதிவானது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமும், இலங்கையில் அநுராதபுரம் பக்கமும் இன்றும் இது நிலத்தடி நீர்ப் பிரச்சினை. கருங்கல் பாறை உள்ள இடம், தண்ணீரில் கால்சியம் குறைவு, பைகார்பனேட் அதிகம் என்று மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படலாம். கால்சியம் இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துக் கீழே படிய வைக்கும். அது இல்லாத இடத்தில் பாறையிலிருந்து வருவது தண்ணீரிலேயே தங்கிவிடும். உப்புப் படியாத, சோப்பு நன்றாக நுரைக்கும் போர்வெல் தண்ணீரை "நல்ல தண்ணி" என்று நினைப்போம். இந்த விஷயத்தில் அதையே முதலில் சோதிக்க வேண்டும்.

இந்தியக் குடிநீர்த் தர விதி ஐ.எஸ். 10500 (2012) சொல்வது லிட்டருக்கு 1.0 மி.கி.; வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். ஆகவே நமக்கு வேண்டியது 1-க்கும் 2-க்கும் இடையில் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்லும் முறை. அதற்குப் பொருத்தமானது ஃபுளோரைடு எலெக்ட்ரோடு.

எலெக்ட்ரோடு என்ன செய்கிறது

நுனியில் இருப்பது லாந்தனம் ஃபுளோரைடு படிகம், கொஞ்சம் யூரோப்பியம் கலந்தது. மார்ட்டின் ஃபிராண்ட், ஜேம்ஸ் ராஸ் இருவரும் 1966-ல் இதை அறிவித்தார்கள். படிகத்தின் வழியே ஃபுளோரைடு அயனி மட்டும் நகரும். வெளியே எவ்வளவு ஃபுளோரைடு இருக்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தத்தை மீட்டர் மில்லிவோல்ட்டில் காட்டும். ஃபுளோரைடு பத்து மடங்கு கூடினால், 25 டிகிரியில் எண் சுமார் 59 மில்லிவோல்ட் இறங்கும். ஏறாது, இறங்கும். புதிதாக வருபவர்கள் முதல் நாள் இங்கேதான் குழம்புவார்கள்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கட்டுப்பாடெல்லாம் ஏன் என்று தானாகப் புரியும். மீட்டரில் 1 மில்லிவோல்ட் பிசகினால் விடையில் 4 சதவீதம் பிசகும். 3 மில்லிவோல்ட் போனால் 12 சதவீதத்துக்கு மேல். லிட்டருக்கு 1.4 மி.கி. உள்ள கிணறு 1.6 ஆகிவிடும், குடிக்கலாம் என்பது குடிக்கக் கூடாது என்று மாறிவிடும். மீட்டர் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டுவதாக இருக்க வேண்டும். மண்ணுக்கும் மீன்தொட்டிக்கும் விற்கும் சட்டைப்பை பி.எச். மீட்டர் இதற்கு உதவாது.

டிசாப் கரைசல்

எலெக்ட்ரோடு தனியாக நிற்கும் ஃபுளோரைடு அயனியை மட்டும்தான் பார்க்கும். அமிலம் கூடினால் ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து மறைந்துவிடும்: பி.எச். 4-ல் எட்டில் ஒரு பங்கு இப்படிக் காணாமல் போகும், 5.3-ல் ஒரு சதவீதம்கூட இல்லை. காரம் கூடினால் வேறு தொல்லை. ஹைட்ராக்சில் அயனியும் ஏறக்குறைய அதே அளவுள்ளது, அதே மின்னூட்டம் கொண்டது. படிகம் அதையும் ஃபுளோரைடு என்று எண்ணிவிடும். அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கரைந்த உப்பின் மொத்த அளவு மாதிரிக்கு மாதிரி மாறினாலும் எண் நகரும். இந்த நான்கையும் ஒரே அடியில் சரிக்கட்டும் கலவைக் கரைசல்தான் டிசாப் (TISAB). எந்த மாதிரியையும் டிசாப் கலக்காமல் அளக்கக் கூடாது.

ஒரு லிட்டர் டிசாப் செய்ய:

- டிஸ்டில்டு வாட்டர் 500 மி.லி.
- கிளேசியல் அசிட்டிக் அமிலம் 57 மி.லி.
- சோடியம் குளோரைடு 58 கிராம் (ஆய்வகத் தரம், சமையல் உப்பில் அயோடினும் கட்டி தட்டாமலிருக்கச் சேர்த்த பொருளும் இருக்கும்)
- சி.டி.டி.ஏ. (CDTA, அலுமினியம், இரும்பு போன்ற உலோகங்களைக் கட்டிப் பிடிக்கும் பொருள்) 4 கிராம்
- 6 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு சுமார் 150 மி.லி. தயாராக (36 கிராமைக் கரைத்து 150 மி.லி. ஆக்கியது)

புகைபோக்கி உள்ள மேசையில் தண்ணீரில் அமிலத்தை ஊற்றி, உப்பையும் சி.டி.டி.ஏ.-யையும் போட்டுக் கலக்குங்கள். சி.டி.டி.ஏ. உடனே கரையாது, வெள்ளையாக மிதக்கும். பயப்பட வேண்டாம், காரம் சேரச் சேரக் கரைந்துவிடும். பீக்கரைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பி.எச். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஹைட்ராக்சைடைச் சிறுகச் சிறுக விடுங்கள். 125-லிருந்து 140 மி.லி. போனதும் பி.எச். 5.3-ஐத் தொடும், 5.5-ஐத் தாண்ட விடாதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை ஆற விட்டு, அதன்பின் ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். சூடாக இருக்கும்போதே நிரப்பினால் ஆறியதும் மட்டம் இறங்கிவிடும், பி.எச். எண்ணும் தப்பு.

சி.டி.டி.ஏ. விலை கூடியது. அதற்குப் பதிலாகச் சோடியம் சிட்ரேட் போட்டும் டிசாப் செய்கிறார்கள். சாதாரணப் போர்வெல் தண்ணீருக்கு ஓடும். எதை வைத்துச் செய்தாலும் அன்றைய எல்லாத் தரக் கரைசலுக்கும் (ஃபுளோரைடு அளவு தெரிந்த, ஒப்பிட வைக்கும் கரைசல்) எல்லா மாதிரிக்கும் ஒரே பாட்டில் டிசாப்தான். நடுவில் தீர்ந்து புதுப் பாட்டில் திறந்தால், தரக் கரைசல்கள் காட்டும் எண்களை வைத்துப் போடும் அளவுக்கோட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

தரக் கரைசல்கள்

சோடியம் ஃபுளோரைடை 105 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய பாத்திரம்) ஆறவைத்து, 0.2210 கிராம் நிறுத்து ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. ஃபுளோரைடு. நிறுக்கும்போது கையுறை போடுங்கள், தூள் பறக்க விடாதீர்கள், இது நச்சு. இதில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 10 மி.கி. கரைசல். அதிலிருந்து 2, 5, 10, 20, 50 மி.லி. எடுத்துத் தனித்தனியே 100 மி.லி.-க்கு நிரப்பினால் 0.2, 0.5, 1, 2, 5 மி.கி. தரக் கரைசல்கள் கிடைக்கும்.

கண்ணாடிக் குடுவையில் மட்டம் பார்த்து நிரப்பலாம். நிரப்பியவுடன் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றுங்கள். ஃபுளோரைடு கண்ணாடியில் ஒட்டும், அமிலம் சேர்ந்தால் அரிக்கவும் செய்யும். 100 மி.கி. மூலக் கரைசல் பிளாஸ்டிக்கில் மாதக்கணக்கில் நிற்கும். நீர்த்தவற்றை அன்றன்றே செய்வது நல்லது.

டிஸ்டில்டு வாட்டரைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம், அதுவும் பேட்டரிக் கடையில் வாங்கியதானால். 25 மி.லி. தண்ணீரும் 25 மி.லி. டிசாப்பும் கலந்து பாருங்கள். எண் 0.2 தரக் கரைசல் காட்டுவதைவிட வெகு உயரத்தில் நின்று, மெல்ல ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 0.2-க்குப் பக்கத்திலேயே நின்றால் அந்தக் கேனை எடுத்து ஓரமாக வையுங்கள்.

மாதிரி எடுப்பது

250 அல்லது 500 மி.லி. பாலிஎத்திலீன் பாட்டில் போதும். அடிபம்பாக இருந்தால் நான்கைந்து நிமிடம் அடித்துக் குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகு பிடியுங்கள். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடித்தால் அது எந்தப் போர்வெல், ஆற்று நீர் கலக்கிறதா என்பதைப் பாட்டில் மேலேயே எழுதுங்கள். கிணற்றுத் தண்ணீரும் கூட்டுக்குடிநீரும் ஒரே தொட்டியில் சேரும் ஊர்களில் காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண் வரும். இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

ஃபுளோரைடுக்குப் பாதுகாப்பு மருந்து எதுவும் சேர்க்கத் தேவையில்லை. 28 நாள் வரை வைத்து அளக்கலாம். உலோகச் சோதனைக்காக அமிலம் விட்டு வைத்த பாட்டிலில் இருந்து எடுத்து அளக்காதீர்கள். முன்பு மூலக் கரைசல் வைத்திருந்த பாட்டிலையும் மாதிரிக்கு எடுக்காதீர்கள், எத்தனை முறை கழுவியிருந்தாலும்.

அளப்பது

முதல் நாளே எல்லாப் பாட்டிலையும் ஆய்வக அறையில் வைத்துவிடுங்கள். தரக் கரைசல், டிசாப், மாதிரி மூன்றும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தரக் கரைசலோடு வெயிலில் வந்த மாதிரியை ஒப்பிட்டால் கோடு வளையும்.

எலெக்ட்ரோடை அரை மணி நேரம் 1 மி.கி. கரைசலில் நிற்க விடுங்கள். ஒப்பீட்டு எலெக்ட்ரோடில் (ஒப்பிட்டுப் பார்க்க மாறாத மின்னழுத்தம் தரும் துணை எலெக்ட்ரோடு), அல்லது இரண்டும் சேர்ந்த ஒற்றை எலெக்ட்ரோடில், உள்கரைசல் துளைக்குக் கொஞ்சம் கீழே வரை நிரம்பியிருக்கட்டும். அளக்கும்போது துளையின் மூடி திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் உள்கரைசல் கசிந்து இறங்காது, எண் நிலைகொள்ளாமல் அலையும். "எலெக்ட்ரோடு போய்விட்டது" என்று வரும் புகார்களை ஆராயும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன ரப்பர் மூடியைத்தான்.

100 மி.லி. பிளாஸ்டிக் பீக்கரில் 25 மி.லி. தரக் கரைசலும் 25 மி.லி. டிசாப்பும் பிப்பெட்டால் விடுங்கள். காந்தக் கலக்கியின் மேல் ஒரு தர்மாகோல் துண்டை வைத்து, அதன் மேல் பீக்கரை வையுங்கள். கலக்கியின் மோட்டார் சூடாகும். அந்தச் சூடு அடியிலிருந்து ஏறினால் ஐந்து நிமிடத்தில் எண் நகர ஆரம்பித்துவிடும். சுழற்சி மிதமாக, சுழி விழாமல் இருக்கட்டும். எல்லாப் பீக்கருக்கும் அதே வேகம்.

எலெக்ட்ரோடை அமிழ்த்தியதும் நுனியைக் கீழிருந்து பாருங்கள். படிகம் சற்றே உள்வாங்கி இருக்கும். அந்தக் குழியில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்தால் எண் குதித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் சாய்த்து, விரலால் லேசாகத் தட்டினால் போய்விடும்.

குறைந்ததில் தொடங்கி கூடியதற்குப் போங்கள்: 0.2, 0.5, 1, 2, 5. நடுவில் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நிமிடத்துக்கு 0.2 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகராத நிலையில் எழுதுங்கள். வழக்கமாக மூன்று நிமிடம், 0.2 கரைசலுக்கு ஐந்து வரை ஆகலாம். 5 மி.கி. கரைசலில் இருந்து நேரே குறைந்த மாதிரிக்குத் தாவினால் எலெக்ட்ரோடுக்குப் பழைய நினைவு போக நேரமாகும். ஒருமுறை டிசாப் கலந்த டிஸ்டில்டு வாட்டரில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. தரக் கரைசல்கள் இப்படிக் காட்டின என்று வையுங்கள்: 0.5-க்கு 118.4, 1-க்கு 100.9, 2-க்கு 83.4, 5-க்கு 60.3. 0.5-லிருந்து 5 பத்து மடங்கு, வித்தியாசம் 58.1 மில்லிவோல்ட். இதுதான் சரிவு. 54-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் எலெக்ட்ரோடு நலம். மாதிரி 88.2 காட்டுகிறது. 100.9-லிருந்து 88.2-ஐக் கழித்தால் 12.7, அதை 58.1-ஆல் வகுத்தால் 0.2186. பத்தின் அடுக்காக 0.2186-ஐப் போட்டால் 1.65. மாதிரியும் தரக் கரைசலும் ஒரே விகிதத்தில் டிசாப்போடு கலந்திருப்பதால் இரண்டால் பெருக்க வேண்டியதில்லை. இதைப் பெருக்கிவிட்டு 3.3 என்று அறிக்கை தருபவர்கள் இருக்கிறார்கள். அதே மாதிரியில் ஒரு மில்லிவோல்ட் இப்படியோ அப்படியோ போனால் விடை 1.59-லிருந்து 1.72 வரை. ஆகவே அறிக்கையில் 1.654 என்று மூன்று தசமம் எழுதுவது வெட்கப்பட வேண்டிய காரியம். 1.7 அல்லது 1.65, அத்தோடு நிறுத்துங்கள்.

வரைபடத்தாளில் வரைந்தால் லாக் தாளை எடுங்கள். சாதாரணத் தாளில் போட்டு நேர்கோடு இழுத்தால் எல்லா விடையும் தப்பு. 0.2-க்குக் கீழே லாக் தாளிலும் கோடு வளையும், ஆர்.ஓ. தண்ணீர் அளக்க வேண்டுமானால் 0.05, 0.1 தரக் கரைசல்களையும் சேர்த்து, அந்தப் பகுதிக்குத் தனியாக வளைகோடே போடுங்கள்.

பத்து மாதிரிக்கு ஒருமுறை 1 மி.கி. கரைசலை மீண்டும் வையுங்கள். முன்பு காட்டியதிலிருந்து 2 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினால் கோட்டைப் புதிதாகப் போட்டு, கடைசிப் பத்தையும் திரும்ப அளக்க வேண்டும். கசப்பான வேலைதான்.

எண்ணை நம்பலாமா

அளந்த மாதிரிக் கலவையிலேயே 100 மி.கி. மூலக் கரைசலில் 0.25 மி.லி. சேர்த்து மீண்டும் பாருங்கள். 25 மி.லி. மாதிரிக்கு அது லிட்டருக்கு 1 மி.கி. கூட்டும். 1.65 காட்டியது 2.65-ஐ ஒட்டி வந்தால் சரி. கூடிய அளவு 0.9-க்கும் 1.1-க்கும் வெளியே போனால் ஏதோ குறுக்கிடுகிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. தண்ணீரில் உள்ள அலுமினியம் ஏற்கெனவே தன்னால் முடிந்த மட்டும் ஃபுளோரைடைக் கட்டிக்கொண்டு நிறைந்துவிட்டால், புதிதாகச் சேர்த்தது முழுவதும் தெரியும். மறைந்தது மறைந்தபடியே இருக்கும். நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுச் சுத்தம் செய்த தண்ணீர், அலுமினா வடிகட்டியில் இறங்கிய தண்ணீர் இவற்றில் இது நடக்கலாம். சுத்திகரிப்பு வேலை செய்கிறது என்று காட்ட அளக்கும் இடத்திலேயே அளவு பொய்யாகக் குறைந்து வருவது ஆபத்து. இவற்றுக்கு டிசாப் கலந்தபின் ஒரு மணி நேரம் வைத்திருந்து மறுபடி படியுங்கள், சி.டி.டி.ஏ. அலுமினியத்திடமிருந்து ஃபுளோரைடைப் பிரித்தெடுக்க நேரம் வேண்டும். எண் இறங்கிக்கொண்டே போனால் இன்னும் விடுபட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாதிரியைப் பாதியாக நீர்த்தும் அளந்து பாருங்கள். விடை பாதியைவிடக் கூடுதலாக வந்தால் சந்தேகம் உறுதி. அப்புறம் காய்ச்சி வடித்து அளப்பதுதான் வழி.

எலெக்ட்ரோடு இல்லாத இடங்களில் ஸ்பாட்ன்ஸ் (SPADNS) சாய முறை ஓடுகிறது: 50 மி.லி. மாதிரிக்கு 10 மி.லி. சிர்க்கோனியம் கலந்த சாயம் விட்டு, 570 நானோமீட்டரில் நிறம் எவ்வளவு வெளுத்தது என்று பார்ப்பது. மலிவு, வேகம். ஆனால் லிட்டருக்கு 0.1 மி.கி. அலுமினியமே விடையில் 0.1 குறைத்துவிடும், 200 மி.கி. சல்ஃபேட் 0.1 கூட்டிவிடும். 1.4-க்கு மேல் நீர்த்துத்தான் அளக்க வேண்டும், குளோரின் துளியும் இருக்கக் கூடாது. பத்துக் கிணற்றில் எது மோசம் என்று பிரிக்க இது போதும். 1.5-ஐ ஒட்டித் தீர்ப்புச் சொல்ல எலெக்ட்ரோடுக்கு வாருங்கள்.

சரிவு 54-க்குக் கீழே போனால்

முதலில் தரக் கரைசலைப் புதிதாகச் செய்து பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான். அதற்கும் சரியாகாவிட்டால் படிகத்தில் அழுக்கு. ஃபுளோரைடு உள்ள பற்பசையைக் கொஞ்சம் மென்மையான பல்துலக்கியில் எடுத்து, நுனியை ஒரு நிமிடம் வட்டமாகத் தேய்க்கலாம். வேடிக்கையாகத் தோன்றினாலும் இது தெரிந்த முறைதான். பற்பசையில் கிலோவுக்கு 1,000 மி.கி. அளவில் ஃபுளோரைடு இருக்கும் என்பதால் பிறகு நன்றாக அலசி, 1 மி.கி. கரைசலில் ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், படிகத்தில் கீறல் விழும். இவ்வளவு செய்தும் எண் தள்ளாடினால் ஒப்பீட்டு எலெக்ட்ரோடில் உள்கரைசல் கசியும் சந்தி அடைத்திருக்கும்; பழைய உள்கரைசலைக் கொட்டி, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நுனியை ஊறவைத்து, புதுக் கரைசல் நிரப்புங்கள்.

வேலை முடிந்ததும் மறுநாள் மீண்டும் அளப்பதாக இருந்தால் எலெக்ட்ரோடை 1 மி.கி. கரைசலில் நிறுத்தி, துளை மூடியைப் போட்டு வையுங்கள். வாரக்கணக்கில் வேலை இல்லையென்றால் உள்கரைசலை வடித்து, அலசி, உலர்த்தி, தொப்பி மாட்டிப் பெட்டியில் வையுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் ஊறவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.